சிறுமலரின் ஏடும் ஏழாயிரம் திருத்தங்களும்

அக்டோபர் முதல் நாள் நெருங்கும்போது நம் ஆலயங்கள் பலவற்றில் ஒரு சுரூபம் துடைத்து மெருகிடப்படுகிறது. பழுப்பு உடை, வெண்ணிற மேற்போர்வை, மார்போடு அணைத்த பாடுபட்ட சுரூபம், அதைச் சூழ்ந்து ரோசா மலர்கள். சிறுமலர் என்றும் குழந்தை தெரேசம்மாள் என்றும் நம் மூதாட்டியர் உரிமையோடு அழைத்து வந்த அந்தப் புனிதையின் முகத்தில் துயரத்தின் சுவடோ களைப்பின் நிழலோ காண்பதற்கில்லை. அவர் பெயரால் நம்மிடையே பள்ளிகள் உண்டு, மருத்துவமனைகள் உண்டு. அவர் பெயர் சூட்டப்பட்ட பெண்மக்கள் இல்லாத பங்கு அரிது. இத்துணை அறிமுகமான ஒருவர் எழுதியதை நாம் உண்மையில் வாசித்திருக்கிறோமா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. 1898 முதல் 1956 வரை, ஐம்பத்தெட்டு ஆண்டுகள், உலகம் கண்ணீர் மல்க வாசித்தது அவர் எழுதிய நூலை அன்று. அவர் எழுதியதைத் திருத்தி அமைத்த நூலையே.

இதை எடுத்துரைப்பது எவரையும் குறைகூறும் நோக்கத்தால் அன்று. தனக்கு உயிரான ஒன்றைப் பற்றி ஒருவர் மெய்யாக எழுதினால் அந்த எழுத்து எப்படி இருக்கும், அதைப் பிறர் அன்போடு கையில் எடுத்தால் அதற்கு என்ன நேரும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு நமக்குத் தெரிந்தவரை வேறில்லை. நாமும் எழுதுகிறோம், பிறர் எழுத்தைத் திருத்துகிறோம் என்பதால் இது நம்மைத் தொடுகிறது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

1873 சனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் பிறந்த தெரேசா மர்த்தென், நான்கரை வயதில் தாயை இழந்தார். அக்காள் பவுலினைத் தமக்குத் தாயாகத் தாமே தெரிந்துகொண்டார். எழுத்தும் வாசிப்பும் கற்பித்தவர், பிழை திருத்தியவர் பவுலினே. 1888 ஏப்ரலில், பதினைந்து வயதில், தெரேசா லிசியே நகரின் கார்மேல் மடத்தில் நுழைந்தபோது பவுலின் அங்கே ஏற்கெனவே துறவியாக இருந்தார். 1893இல் அவர் மடத்தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இயேசுவின் ஆக்னெஸ் அன்னை என்ற பெயரோடு தம் தங்கைக்கே தலைவியும் ஆனார்.

1894ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், ஒரு குளிர்கால மாலை. மடத்தில் நெருப்பு மூட்டப்படும் ஒரே அறையில் சகோதரிகள் கூடியிருக்கின்றனர். தெரேசா தம் சிறுவயது நிகழ்ச்சிகளைச் சுவையாகச் சொல்லிக்கொண்டிருக்க, மூத்த அக்காள் மரி, இவற்றையெல்லாம் எழுதிவைக்கும்படி இவளுக்குக் கட்டளையிடலாகாதா என்று ஆக்னெஸ் அன்னையைக் கேட்டார். தம்மைக் கேலி செய்கிறார்கள் என எண்ணித் தெரேசா சிரித்தார். கட்டளை வந்தது, அவர் கீழ்ப்படிந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற மலிவான குறிப்பேடு ஒன்றில், 1895ஆம் ஆண்டு முழுவதும், இரவுச் செபத்திற்குப்பின் கிடைத்த சிறு ஓய்வு வேளைகளில், தம் சிற்றறையில், மடிமேல் எழுதுபெட்டியை வைத்துக்கொண்டு எழுதினார். திட்டம் எதுவும் இல்லை. நினைவுக்கு வந்த முறையே எழுத்து நடந்தது. 1896 சனவரி 20ஆம் நாள், புனித ஆக்னெஸ் திருநாளுக்கு முந்திய மாலை, செபவேளையில் அக்காளின் இருக்கையில் அந்த ஏட்டை வைத்துவிட்டுத் தம் இடத்திற்குப் போய்விட்டார். ஆக்னெஸ் அன்னை அதை இரண்டு மாதங்கள் வரை திறக்கவில்லை. வாசித்தீர்களா, எப்படி இருக்கிறது என்று தெரேசா ஒருமுறையேனும் கேட்டதில்லை. எழுதுகோல் பிடித்த நம்போன்றோர்க்கு இது எளிதில் கைவராத துறவு!

அந்த முதல் ஏட்டில் இருப்பது என்ன? சிறுமியாய் இருந்தபோது தொட்டதற்கெல்லாம் அழுததையும், அழுகை ஓய்ந்தபின் அழுதுவிட்டோமே என்று மறுபடி அழுததையும் அவர் மறைக்கவில்லை. 1886ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, களைத்துப்போன தந்தை சலிப்போடு சொன்ன ஒரு சொல் தம் காதில் விழுந்ததை எழுதுகிறார். அந்தக் கணத்தில்தான் தம் குழந்தைப் பருவம் முடிந்தது என்கிறார். நமக்கெல்லாம் ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. தியான வேளையிலும் நற்கருணை உட்கொண்டபின் நன்றி செலுத்தும் வேளையிலும் ஏழு ஆண்டுகளாகத் தாம் தூங்கி விழுவதை வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். அதற்காக வருந்தியிருக்க வேண்டும். ஆனால் தூங்கும் பிள்ளையும் பெற்றோர்க்கு இனியதே அன்றோ என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். ஒரு புனிதையின் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்படும் எவரும் முதலில் நீக்கக்கூடிய செய்தி இது.

இரண்டாவது எழுத்து, 1896 செப்டம்பரில் அக்காள் மரியின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதப்பட்ட ஒரு நீண்ட மடல். குருவாக, போர்வீரராக, திருத்தூதராக, மறைவல்லுநராக, மறைச்சாட்சியாக, எல்லாமாகவும் இருக்க விரும்பும் தம் அடங்கா ஆவலை அதில் கொட்டுகிறார். கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதிய திருமுகத்தில், அன்பே தம் அழைத்தல் என்று கண்டுகொண்டதையும் சொல்கிறார். இந்தப் பகுதி யாவரும் அறிந்தது. மடல் கைக்கு வந்ததும் மரி மனந்தளர்ந்தார் என்பதை அறிந்தோர் குறைவு. இத்தகைய பேராவல்கள் தமக்கு இல்லையே என்று அவர் ஏங்கினார். தெரேசா உடனே பதில் எழுதினார். அந்த ஆவல்கள் ஒரு பொருட்டே அல்ல, தம் நம்பிக்கை அவற்றின்மேல் நிற்கவும் இல்லை, அவற்றைச் செல்வமாக எண்ணி இளைப்பாறினால் அவையே கேடாக முடியும், தம் சிறுமையையும் வறுமையையும் தாம் நேசிப்பதே இறைவனுக்கு உகந்தது என்று விளக்கினார். தாம் எழுதியது அழகாக அமைந்துவிட்டதால் வாசிப்பவர் தம்மைத் தவறாக உயர்த்திவிட்டார் என்று கண்டு, அந்த உயர்வை எழுதிய கையாலேயே இறக்கிவைக்கிறார்.

இனி மூன்றாம் ஏடு. இதற்குத்தான் நாம் வந்துகொண்டிருந்தோம்.

1896ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் இரவில் தெரேசா முதன்முறையாக இரத்தம் கக்கினார். காசநோய். அப்போது விண்ணகத்தை நினைத்து மகிழ்ந்தவர், உயிர்ப்புப் பெருவிழா நாள்களிலேயே வேறோர் இருளுக்குள் புகுந்தார். விண்ணகம் என்ற எண்ணமே, அதுவரை தமக்கு இன்பமாயிருந்த அதே எண்ணம், போராட்டமும் வேதனையும் ஆயிற்று. அந்த இருள் அவர் இறக்கும்வரை அகலவில்லை.

மறு ஆண்டு, 1897 சூன் 2ஆம் நாள் நள்ளிரவில், ஆக்னெஸ் அன்னை அப்போதைய மடத்தலைவியாகிய மரி தெ கொன்சாக் அன்னையிடம் சென்றார். கார்மேல் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால் அவரது வாழ்வைச் சுருக்கி எழுதிப் பிற மடங்களுக்குச் சுற்றுமடல் அனுப்புவது வழக்கம். தெரேசா இறந்தால் என்ன எழுதுவது? துறவு வாழ்வைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. இன்னும் எழுதச் சொல்லுங்கள் என்று வேண்டினார். இவள் இறந்தபின் நம் அன்னையால் என்னதான் எழுத முடியும், சொல்லத்தக்கதாக இவள் ஒன்றும் செய்யவில்லையே என்று மடத்தில் ஒரு சகோதரி கள்ளமின்றி வியந்ததும் உண்டு. ஆக, உலகம் போற்றும் இப்பக்கங்கள் ஓர் இறப்புச் செய்திக்கு வேண்டிய குறிப்புகளாகவே கேட்கப்பட்டன. மறுநாளே கட்டளை கிடைத்தது. காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் நோயாளியின் நகர்நாற்காலியில் தோட்டத்து மரநிழலில் அமர்ந்து எழுதத் தொடங்கினார். வைக்கோல் வாரும் சகோதரி வருகிறார், மருந்து கொடுப்பவர் வருகிறார், நவதுறவியர் வருகின்றனர். பத்து வரிகூடத் தொடர்ந்து எழுத முடிந்ததா என்று தெரியவில்லை என்று அவரே நகைச்சுவையோடு குறிக்கிறார்.

அந்த ஏட்டில்தான் தம் விசுவாச இருளை எழுதினார். மரணத்திற்கு அப்பால் ஒளி உண்டு என்று நீ கனவு காண்கிறாய், அங்கே இருப்பதோ இதனினும் ஆழ்ந்த இரவு என்று தம்முள் ஒலிக்கும் ஏளனக் குரலைப் பற்றிச் சொல்கிறார். விசுவாசமற்றோரின் பந்தியில் தாமும் அமர்ந்து, இறைவன் விரும்பும்வரை அந்தக் கசப்பான அப்பத்தை உண்ண இசைவதாகச் சொல்கிறார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொள்கிறார். இதற்குமேல் எழுதினால் இறைநிந்தனை ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார். நம் பார்வையில், அந்த நிறுத்தம் அவர் எழுதிய எதனினும் கனமானது.

அதைச் சார்ந்தே அவர் சொல்லும் மற்றொன்றை எழுதுவோர் அனைவரும் உற்று நோக்க வேண்டும். அந்த ஆண்டில் அவர் விண்ணகத்தையும் இறைவனோடு ஒன்றித்திருக்கும் இன்பத்தையும் பாடும் கவிதைகள் பல இயற்றினார். சகோதரிகள் அவற்றைப் பாடி மகிழ்ந்தனர். இவற்றை வாசிப்போர், இவள் ஆறுதல்களால் நிறைந்த ஆன்மா, இவளுக்கு விசுவாசத்தின் திரையே கிழிந்துவிட்டது என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று, அந்த இன்பம் எதையும் தாம் உணரவில்லை, தாம் விசுவசிக்க விரும்புவதையே பாடியதாக மடத்தலைவிக்குத் தெரிவிக்கிறார். தம் கவிதைகளுக்குத் தாமே இவ்வாறு சான்று எழுதிய கவிஞரை நாம் அதிகம் கண்டதில்லை. இதனால் அக்கவிதைகள் பொய் என்று ஆகிவிடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதித் தம்மோடு வைத்திருந்தார் என்று உடனிருந்தோர் சான்று பகர்ந்துள்ளனர். உணர்வு வேறு, உறுதி வேறு. இரண்டையும் ஒன்றென வாசகர் மயங்க அவர் இடங்கொடுக்கவில்லை.

சிறு காரியங்களிலும் அப்படியே. தனியாகச் செபமாலை சொல்வது தவக்கருவி அணிவதைவிடத் தமக்குக் கடினமாயிருப்பதாக எழுதுகிறார். செபவேளையில் பின்னாலிருந்த சகோதரி எழுப்பிய சிறு ஓசை தம்மை வியர்க்க வைத்தது என்கிறார். எல்லாவற்றிலும் தமக்கு வெறுப்பூட்டிய ஒரு சகோதரியிடம் இனிமையாகப் பழகினார். தாங்கமுடியாதபோது படையை விட்டோடும் வீரனைப்போல் ஓடியே போய்விட்டாராம். என்னிடம் உங்களைக் கவர்வது எது என்று அந்தச் சகோதரியே ஒருநாள் மகிழ்ச்சியோடு கேட்டார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

1897 செப்டம்பர் 30ஆம் நாள் தெரேசா இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, அதே நாளை வெளியீட்டு நாளாகக் கொண்டு, ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்னும் நூல் 2000 படிகள் அச்சாகி வந்தது. சுற்றுமடலின் இடத்தை ஒரு முழு நூல் பிடித்துக்கொண்டது. அதை அச்சுக்கு ஆயத்தம் செய்தவர் ஆக்னெஸ் அன்னை.

ஆயத்தம் என்றால் என்ன? அக்காளுக்கும் மரிக்கும் மரி தெ கொன்சாக் அன்னைக்குமாக, வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்ட மூன்றும் ஒரே நூலாக இணைக்கப்பட்டன, இயல்கள் வகுக்கப்பட்டன. மூன்றும் தமக்கே எழுதப்பட்டவை எனத் தோன்றவேண்டும் என்பது அச்சிட இசைந்த மரி தெ கொன்சாக் அன்னையின் நிபந்தனை. எனவே மூலப் படிகளிலேயே பெயர்கள் சுரண்டி அழிக்கப்பட்டு மாற்றி எழுதப்பட்டன. நடை செப்பனிடப்பட்டது. வீட்டுப் பேச்சுகள் சில நீக்கப்பட்டன, சில தொடர்கள் மென்மையாக்கப்பட்டன. மூலத்தையும் அச்சு நூலையும் பின்னாளில் ஒப்பிட்டவர்கள் எண்ணிய வேறுபாடுகள் 7000க்கும் மேல்.

ஆக்னெஸ் அன்னைமேல் கல்லெறிவது எளிது. ஆனால் சேர்க்கவும் நீக்கவும் தெரேசாவே 1897 சூலையில் அவருக்கு உரிமை தந்திருந்தார். தாமே செய்ததாக அதைக் கொள்ளலாம் என்றார். எழுத்துக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்தே தங்கையின் பாடங்களைத் திருத்திப் பழகிய கை அது. அடைத்த மடம், நூலில் வருவோர் பலர் உயிரோடு இருந்தனர், அச்சிடும் அனுமதி ஆயரிடம் கிடைக்கவேண்டும். அவர் திருத்திய நூலே தெரேசாவை உலகத்திற்குக் கொண்டு சென்றது, 1925இல் புனிதர் பட்டத்திற்கும் வழிவகுத்தது என்பதை மறுப்பார் யார்? இருந்தும், ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பிழை திருத்துவதும் ஒருவரின் குரலைத் திருத்துவதும் ஒன்றல்ல. அன்பு மிகுந்தவர்க்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. அன்பில்லாதவர் இத்துணைப் பொறுமையோடு ஏழாயிரம் இடங்களில் கைவைக்கவும் மாட்டார். உடன்பிறந்த செலின் தாம் எடுத்த தெரேசாவின் ஒளிப்படங்களையும் இவ்வாறே மெருகிட்டார், அழகிய ஓவியங்களாகத் தீட்டினார். நம் சுரூபத்தின் முகம் அந்த வழியில் வந்ததே.

மூலத்தை வெளியிடுங்கள் என்ற கோரிக்கை 1940களில் வலுத்தது. முதுமையில் இருந்த ஆக்னெஸ் அன்னை, தம் வாழ்நாளில் அதைச் செய்யத் தம்மால் ஆகாது என்று கருதி, அப்பொறுப்பைச் செலினிடம் விட்டு, 1951 சூலையில் 89 வயதில் இறந்தார். அருள்தந்தை பிரான்சுவா தெ சேன்த் மரி என்னும் கார்மேல் துறவி, கையெழுத்து ஆய்வு வல்லுநரின் துணையோடு, சுரண்டப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாக மீட்டார். 1956இல் மூன்று எழுத்துகளும் அப்படியே ஒளிநகலாக வெளிவந்தன. உடன்பிறந்தோர் ஐவருள் அதைக் காண எஞ்சியிருந்தவர் செலின் மட்டுமே. 1997 அக்டோபர் 19ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தெரேசாவை மறைவல்லுநராக அறிவித்தபோது, அந்த மடலில் அடங்கா ஆவலோடு அவர் விரும்பிக் கேட்டவற்றுள் ஒன்று கைகூடிற்று.

இனி நம் கதை. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் பொன்விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அவ்வூர் மறைந்த உபதேசியார் ஒருவரின் குறிப்பேட்டை அவர் குடும்பத்தார் கொடுத்தனர். பெரும்பகுதி திருமுழுக்குக் கணக்கும் மழைக்கணக்கும். இடையே ஓரிடத்தில், தம் சிறுவயதில் தம் மக்கள் ஆலயத்தின் இடப்புறச் சிறகில் தனியே அமர்த்தப்பட்டதையும், நற்கருணைக்குக் கடைசியாகவே அழைக்கப்பட்டதையும், முதன்முறை முன்வரிசையில் போய் முழந்தாளிட்டபோது தம் கால் நடுங்கியதையும் மூன்று வரிகளில் எழுதியிருந்தார். குற்றச்சாட்டு ஒரு சொல்கூட இல்லை. நாம் என்ன செய்தோம்? விழா வேளையில் புண்ணைக் கிளறவேண்டாம் என்ற நல்லெண்ணத்தோடு அம்மூன்று வரிகளை எடுத்துவிட்டு, பங்கு மக்கள் அனைவரும் ஒரு குடும்பமாய் வளர்ந்ததாக ஒரு வாக்கியத்தை அவர் பெயரில் சேர்த்தோம். அவர் எழுதாத வாக்கியம். மலர் அழகாக வந்தது, பாராட்டும் பெற்றோம்.

தெரேசாவின் 1956ஆம் ஆண்டுப் பதிப்பு வரலாற்றை முதன்முறை வாசித்த இரவில் அந்த மூன்று வரிகள் நம் நினைவுக்கு வந்தன. அவரது விசுவாச இருளைப் பற்றிய பக்கங்களைப் பற்றிக்கொண்டு தம் சொந்த இருளைக் கடந்தவர்கள் எத்தனையோ பேர். மெருகிட்ட முகம் அவர்களுக்குத் தந்திருக்கக்கூடியது மிகச் சிறிதே. உபதேசியாரின் நடுங்கிய கால் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்பதை நாம் அன்று எண்ணிப்பார்க்கவில்லை. ஆக்னெஸ் அன்னைக்கேனும் எழுதியவரின் இசைவு இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

அதே பங்கு மறுபடி ஒரு மலர் கொண்டுவர முனைந்து, பழைய கட்டுரைகளைக் கேட்டது. குறிப்பேட்டை மறுபடி வாங்கி, அம்மூன்று வரிகளையும் இருந்தவாறே படியெடுத்து, நாம் சேர்த்த வாக்கியத்தை நீக்கி, அனுப்புமுன் உபதேசியாரின் பேரனிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் வாசித்தார். பிறகு ‘முழந்தாள்’ என்ற சொல்லில் தாத்தா விட்டிருந்த எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார். திருத்திவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.